வால்வு கலர் டிவியை மீட்டெடுப்பது எப்படி: பிளக்கைச் சொருகும் முன்பே தொடங்கும் வேலை

ட்ரான்சிஸ்டருக்குப் பதில் வால்வு, அதாவது வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களில் ஓடும் பழைய கலர் டிவி ஒன்று கையில் கிடைத்ததும் யாருக்கும் வரும் முதல் ஆசை, பிளக்கைச் சொருகிப் பார்க்கலாமா என்பதுதான். தயவுசெய்து செய்யாதீர்கள். இந்தப் பெட்டிகளில் பல, பத்து இருபது வருடமாக மின்சாரத்தையே பார்க்காமல் கிடந்தவை. உள்ளே கசிவு கண்ட ஒரு சின்ன கெப்பாசிட்டர் போதும், சுவிட்சைப் போட்ட அரை நிமிடத்தில் இன்று யாரும் தயாரிக்காத ஒரு ட்ரான்ஸ்ஃபார்மரைப் பொசுக்கிவிடும்.

வால்வு கலர் டிவியில் போனால் திரும்பக் கிடைக்காத பொருள்கள் இரண்டுதான். ஒன்று பிக்சர் ட்யூப். இன்னொன்று ஃப்ளைபேக், அதாவது பிக்சர் ட்யூபுக்கு உயர் மின்னழுத்தம் தரும் லைன் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர். கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் எல்லாம் புதிதாகவே கிடைக்கும். வால்வுகளில் பெரும்பாலானவை பழைய இருப்பிலிருந்து கிடைக்கும். இந்த இரண்டும் அப்படியில்லை. அதனால் கீழே சொல்லும் வரிசை முழுக்க இந்த இரண்டையும் காப்பாற்றுவதற்காகவே போட்டது. வரிசையை மாற்றாதீர்கள்.

எந்தப் பெட்டி என்று முதலில் பாருங்கள்

அமெரிக்காவில் கலர் ஒளிபரப்பு முறைக்கு 1953 டிசம்பர் 17 அன்று அனுமதி கிடைத்தது. அடுத்த வருடமே ஆர்சிஏ நிறுவனம் சிடி-100 என்ற பெட்டியை 1000 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் 15 அங்குல ட்யூபின் பெயர் 15ஜிபி22. எஞ்சியிருக்கும் அந்த ட்யூப்களில் பலவற்றில் காற்று புகுந்துவிட்டது. ஆகவே அது முதல் வேலைக்கு ஏற்ற பெட்டி அல்ல. அதற்குப் பிறகு வந்தது 21 அங்குல வட்ட ட்யூப். ஆரம்பத்தில் வந்த 21ஏஎக்ஸ்பி22 ட்யூபின் உடல் உலோகத்தால் ஆனது. பெட்டி ஓடும்போது அந்த உலோகக் கூம்பு முழுவதிலும் உயர் மின்னழுத்தம் இருக்கும். இதைத் தெரியாமல் பின்மூடியைக் கழற்றிக் கை வைக்கக் கூடாது.

முதல்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது, 1960களின் 21 அங்குல வட்டக் கண்ணாடி ட்யூப் வைத்த பெட்டிகள். ஆர்சிஏவின் சிடிசி-11, சிடிசி-15, சிடிசி-16 போன்ற சேஸிஸ்கள் (பாகங்களைப் பொருத்திய உலோகச் சட்டங்கள்) இந்த வகை. அந்தக் காலத்தில் வேறு நிறுவனங்களும் ஆர்சிஏ வடிவமைப்பை ஒட்டியே செய்ததால் பாகங்களும் விவரங்களும் எளிதாகக் கிடைக்கும். இந்த ட்யூப்களில் விலகல் கோணம், அதாவது எலக்ட்ரான் கற்றை திரையின் ஓரத்திலிருந்து ஓரம்வரை வளையும் கோணம், 70 டிகிரிதான். பின்னால் வந்த 25 அங்குலச் செவ்வக ட்யூப்களில் அது 90 டிகிரி. கோணம் குறைவாக இருந்தால் மூன்று நிறங்களையும் ஒன்றுசேர்ப்பது சுலபம்.

ஐரோப்பாவில் 1967இல் பால் (PAL) என்ற கலர் ஒளிபரப்பு முறை தொடங்கியபோது வந்தவை பெரும்பாலும் கலப்புப் பெட்டிகள். சிக்னல் பகுதியில் ட்ரான்சிஸ்டர், சக்தி தேவைப்படும் இடங்களில் பிஎல்509, ஜிஒய்501, பிடி500 போன்ற வால்வுகள். இவற்றில் பலவற்றின் சேஸிஸ் நேரடியாக மெயின்ஸோடு இணைந்திருக்கும். மெயின்ஸிலிருந்து பெட்டியைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இவற்றைத் தொடவே கூடாது.

உயிர் சம்பந்தப்பட்டது

பிக்சர் ட்யூபின் ஆனோடில், அதாவது உயர் மின்னழுத்தம் உள்ளே போகும் முனையில், 20,000 முதல் 25,000 வோல்ட் வரை இருக்கும். ட்யூபே ஒரு பெரிய கெப்பாசிட்டர் போல வேலை செய்வதால் பெட்டியை அணைத்த பிறகும் அந்தச் சார்ஜ் உள்ளே நிற்கும். அதை இறக்க, நன்றாக இன்சுலேட் செய்த ஒரு கம்பியின் ஒரு முனையை முதலில் சேஸிஸில் கவ்வவிடுங்கள். அப்புறம் மறுமுனையில் உள்ள மெல்லிய ஸ்க்ரூடிரைவரை ஆனோடின் ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்துவிடுங்கள். நடுவில் உயர் மின்னழுத்தத்துக்கு ஏற்ற பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டர் ஒன்று இருந்தால் மெதுவாக இறங்கும். ஒருமுறை இறக்கினால் போதாது. கண்ணாடி உறிஞ்சி வைத்திருக்கும் மின்னூட்டம் சில நிமிடத்தில் திரும்பவும் மேலே வரும். கை வைக்கும் ஒவ்வொரு முறையும் இறக்குங்கள்.

ஆனால் உண்மையில் ஆளைக் கொல்லக்கூடியது அந்த 25,000 வோல்ட்டைவிட வால்வுகளுக்கு டிசி தரும் 400 வோல்ட் பி-பிளஸ் சப்ளைதான். அதன் பின்னால் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களும் கனமான பவர் ட்ரான்ஸ்ஃபார்மரும் இருக்கின்றன. ஓடும் பெட்டியில் அளவெடுக்கும்போது ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை முதல் நாளே பழகுங்கள். மோதிரம், உலோகக் கைக்கடிகாரம் வேண்டாம். தனியாக வேலை செய்யாதீர்கள்.

எக்ஸ்-ரே பற்றியும் சொல்ல வேண்டும். உயர் மின்னழுத்த ரெக்டிஃபையர் 3ஏ3, ரெகுலேட்டர் 6பிகே4, பிக்சர் ட்யூப் ஆகிய மூன்றிலிருந்தும் அது வரலாம். 1960களின் இறுதியில் இது அமெரிக்காவில் பெரிய பிரச்சினையாகி, 1968இல் மின்னணுக் கருவிகளின் கதிர்வீச்சைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. பிறகு வந்த விதிப்படி பெட்டியின் வெளிப்பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டரில் மணிக்கு 0.5 மில்லிராண்ட்ஜென்னுக்கு மேல் வரக் கூடாது. நமக்கு இதன் பொருள் எளியது: உயர் மின்னழுத்தக் கூண்டின் உலோக மூடியைப் போட்டே பெட்டியை ஓட்டுங்கள். மின்னழுத்தத்தைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

கடைசியாக, பிக்சர் ட்யூபுக்கு உள்ளே வெற்றிடம். கழற்றி வைக்க வேண்டி வந்தால் முகக்கவசமும் தடித்த கையுறையும் போட்டு, முகப்பு கீழே இருக்கும்படி மெத்தென்ற துணியில் வையுங்கள். கழுத்தைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள்.

பிக்சர் ட்யூபைச் சோதித்த பிறகே மற்றதெல்லாம்

ட்யூப் போய்விட்டது என்றால் மற்ற வேலைக்கு அர்த்தம் குறைவு. முதலில் கழுத்தில் உள்ள, மிச்சக் காற்றை உறிஞ்சும் கெட்டர் பூச்சைப் பாருங்கள். வெள்ளிப் பளபளப்போ கருமையோ இருந்தால் நல்லது. பால் போல வெளுத்திருந்தால் காற்று உள்ளே போயிருக்கிறது, அத்துடன் முடிந்தது. அடுத்து சாக்கெட்டைக் கழற்றி, ஹீட்டருக்குத் தனியாக 6.3 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். மூன்று கன்களின் (நிறத்துக்கு ஒன்றாக எலக்ட்ரான் கற்றை அனுப்பும் பகுதிகளின்) ஹீட்டர்களும் ஒரே மாதிரி ஆரஞ்சு நிறத்தில் எரிய வேண்டும். இவை மூன்றும் சேர்ந்து 1.8 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் என்பதால் அதைத் தாங்கும் ட்ரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்ளுங்கள். ட்யூப் டெஸ்டர் கிடைத்தால் மூன்று கன்களின் எமிஷனையும் (எலக்ட்ரானை வெளியிடும் திறனையும்) அளந்து எழுதி வையுங்கள். அளவு குறைவாக இருப்பதைவிட, மூன்றும் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுவதுதான் தொல்லை. அப்போது கறுப்பு வெள்ளைப் படத்தில் ஏதாவது ஒரு நிறச் சாயல் ஏறிக்கொண்டே இருக்கும்.

டெஸ்டரில் உள்ள, ட்யூபுக்குப் புத்துயிர் தரும் ரிஜுவனேட் பொத்தானுக்கு அவசரப்பட்டுக் கை போக வேண்டாம். பல வருடம் தூங்கிய ட்யூப், சில மணி நேரம் ஹீட்டரோடு ஓடினாலே தானாகத் தேறிவிடும். அந்தப் பொத்தான், எலக்ட்ரானை வெளியிடும் கேத்தோடின் மேற்பூச்சைச் சேதப்படுத்தக்கூடியது. வேறு வழியே இல்லாதபோது மட்டும் பயன்படுத்துங்கள்.

திரையின் ஓரங்களில் புரை விழுந்ததுபோல வெண்திட்டுகள் தெரிகிறதா? அது ட்யூபின் கோளாறு அல்ல. ட்யூபின் முகப்புக்கும் அதன் மேல் ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடிக்கும் நடுவில் உள்ள பசை சிதைந்திருக்கிறது. ஓரத்தில் மட்டும் என்றால் விட்டுவிடுங்கள், படச்சட்டம் மறைத்துவிடும். படத்தின் நடுவரை வந்துவிட்டால் மெதுவான, சீரான சூட்டில் பசையை இளக்கிப் பிரிக்க வேண்டியிருக்கும். ஒரே இடத்தில் சூடு ஏறினால் கண்ணாடி வெடிக்கும். பிரித்த பிறகு பாதுகாப்புக் கண்ணாடியைச் சுத்தம் செய்து திரும்பப் பொருத்தாமல் பெட்டியை ஓட்டக் கூடாது. அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதைத் தொடாதீர்கள் என்பதே என் கருத்து.

சுத்தம், வரைபடம், வால்வுகள்

உங்கள் சேஸிஸ் எண்ணுக்கு உரிய சர்வீஸ் மேனுவல் இல்லாமல் தொடங்காதீர்கள். அமெரிக்கப் பெட்டிகளுக்கு சாம்ஸ் ஃபோட்டோஃபாக்ட் தொகுப்புகள் மிக நல்லவை. ஒவ்வொரு வால்வுக் காலிலும் எத்தனை வோல்ட், எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்பது அதில் இருக்கும்.

தூசியை மென்மையான தூரிகையாலும் வாக்குவம் க்ளீனராலும் எடுங்கள். உயர் மின்னழுத்தப் பகுதியில் தூசி கறுப்பாகப் படிந்திருக்கும். அதைத் துணியால் துடைத்தே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரப்பதமான நாளில் அதன் வழியே மின்பொறி ஓடும். வால்வுகளை ஒவ்வொன்றாக எடுக்கும்போது எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் அச்சடித்த எண் விரல் பட்டாலே அழிந்துவிடும். ஃப்ளைபேக்கைக் கழற்றாமலே நன்றாகப் பாருங்கள். மெழுகு கொஞ்சம் வழிந்திருந்தால் பரவாயில்லை. கருகிய வாசனையோ வெடிப்போ இருந்தால் கவலைப்பட வேண்டும்.

கெப்பாசிட்டர்கள்: பொறுமையாக ஒவ்வொன்றாக

காகிதக் கெப்பாசிட்டர்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். மெழுகு தடவியது, பிளாஸ்டிக்கில் வார்த்தது என்ற வித்தியாசம் வேண்டாம், எல்லாமே காலப்போக்கில் ஈரம் உறிஞ்சிக் கசியும். பதிலுக்கு 630 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டர் போடுங்கள். லைன் அவுட்புட் பகுதியில் சில இடங்களில் 1000, 1600 வோல்ட் தேவைப்படும், பழையதன் மேல் உள்ள எண்ணைப் பார்த்துச் செய்யுங்கள். மெயின்ஸிலிருந்து சேஸிஸுக்குப் போகும் கெப்பாசிட்டர்களுக்குப் பாதுகாப்புச் சான்று பெற்ற ஒய் வகையைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள். மைக்காவும் செராமிக்கும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், காரணமில்லாமல் தொட வேண்டாம்.

எலக்ட்ரோலிட்டிக் டப்பாக்களை மெதுவாக மின்னழுத்தம் ஏற்றி உயிர்ப்பிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. கலர் டிவியில் நான் அதை ஏற்பதில்லை. சேஸிஸுக்கு மேலே தெரியும் டப்பாவை அழகுக்காக அப்படியே விட்டுவிட்டு, கீழே 105 டிகிரி வகைப் புதிய கெப்பாசிட்டர்களைப் போடுங்கள். பழைய டப்பாவின் இணைப்பை முழுக்கத் துண்டிக்க மறக்காதீர்கள். கார்பன் ரெசிஸ்டர்களின் மதிப்பு வயதாக ஆக ஏறும். 20 சதவீதத்துக்கு மேல் விலகியவற்றை மாற்றுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும். பத்து பதினைந்து மாற்றியதும் ஒருமுறை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். நூறு பாகத்தை ஒரே மூச்சில் மாற்றிவிட்டு எங்கே தவறு என்று தேடுவதைப் போல அலுப்பூட்டும் வேலை வேறில்லை. அச்சிட்ட போர்டு உள்ள பெட்டியானால், வால்வு சாக்கெட்டைச் சுற்றியுள்ள சால்டர் இணைப்புகளை பூதக்கண்ணாடியில் பாருங்கள். வருடக்கணக்காகச் சூடேறி ஆறி, கண்ணுக்குத் தெரியாத வளைய வெடிப்புகள் விழுந்திருக்கும்.

முதல் மின்சாரம்

ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர், அதற்குப் பின் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக், அதோடு தொடராக ஒரு 200 வாட் குண்டு பல்பு. இந்த மூன்றும் இருந்தால் தவறு நடந்தாலும் சேதம் குறையும். 230 வோல்ட் நாட்டில் 117 வோல்ட் பெட்டியை ஓட்டுபவர்கள், வெறும் ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மர் மின்சாரத்தைப் பிரித்துத் தராது என்பதை நினைவில் வையுங்கள். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும் என்பதால், அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏசியை டிசியாக்கும் 5யூ4 ரெக்டிஃபையர் வால்வுகளையும் ஃப்ளைபேக்கை ஓட்டும் லைன் அவுட்புட் வால்வையும் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். எல்லா ஹீட்டர்களும் எரிகின்றனவா, ட்ரான்ஸ்ஃபார்மர் அமைதியாக இருக்கிறதா என்று ஒரு மணி நேரம் கவனியுங்கள். இது ஹீட்டர்கள் இணையாக இணைந்த பெட்டிகளுக்கு மட்டும். ஐரோப்பியப் பெட்டிகளில் ஹீட்டர்கள் ஒரே சங்கிலியாக 300 மில்லியாம்பியரில் ஓடும், ஒன்றை எடுத்தால் எல்லாம் அணைந்துவிடும்.

பிறகு ரெக்டிஃபையரைப் போட்டு பி-பிளஸைப் பாருங்கள். லைன் அவுட்புட் வால்வு இன்னும் வெளியே இருக்கட்டும். அதன் ஆனோடுத் தொப்பியை மட்டும் கழற்றிவிட்டு வால்வை சாக்கெட்டிலேயே விடும் தவறைச் செய்யாதீர்கள். ஆனோடு இல்லாதபோது ஸ்க்ரீன் கிரிட்டே எல்லாக் கரண்டையும் வாங்கி எரிந்துவிடும்.

ஃப்ளைபேக்கைக் காப்பாற்றும் பத்து நிமிடம்

இந்த முழு வேலையில் நான் மிக மெதுவாகச் செய்யும் இடம் இதுதான். லைன் அவுட்புட் வால்வு, உதாரணத்துக்கு 6டிக்யூ5 அல்லது 6ஜேஇ6, தன் கிரிட்டில் வரும் ஆசிலேட்டர் சிக்னலிலிருந்தே தனக்கு வேண்டிய எதிர் மின்னழுத்தத்தை உருவாக்கிக்கொள்கிறது. சிக்னல் நின்றால் எதிர் மின்னழுத்தமும் போய்விடும். அப்போது கட்டுப்பாடில்லாமல் கரண்ட் ஏறி, வால்வின் பிளேட் சிவந்து, கூடவே ஃப்ளைபேக்கும் வேகும்.

எனவே வால்வைப் போடும் முன் காலி சாக்கெட்டின் கிரிட் காலில் இரண்டு அளவுகள் எடுங்கள். ஆசிலோஸ்கோப்பில் விநாடிக்கு சுமார் 15,700 முறை வரும் அலை தெரிய வேண்டும். மல்டிமீட்டரின் டிசியில் ப்ளஸ் வோல்ட் எதுவும் காட்டக் கூடாது. ஒரு பெட்டியில் எனக்கு அங்கே ப்ளஸ் 11 வோல்ட் காட்டியது. புதிதாகத் தெரிந்த ஒரு கப்ளிங் கெப்பாசிட்டர்தான் காரணம், முன்பு யாரோ மாற்றியது என்பதால் நான் அதைத் தொடாமல் விட்டிருந்தேன். அந்த வால்வைப் போட்டிருந்தால் ஃப்ளைபேக் அன்றே போயிருக்கும். அன்றிலிருந்து அந்த ஒரு கெப்பாசிட்டரை, எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், நான் மாற்றிவிடுகிறேன்.

இரண்டும் சரி என்றால், வால்வின் கேத்தோடுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு 10 ஓம் ரெசிஸ்டரைப் போடுங்கள். அதன் இரு முனைகளிலும் 2 வோல்ட் தெரிந்தால் 200 மில்லியாம்பியர் ஓடுகிறது என்று பொருள். 21 அங்குலப் பெட்டிகளில் இயல்பான அளவு ஏறக்குறைய இந்தப் பக்கம்தான். சரியான எண்ணை மேனுவலில் பாருங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு வால்வைப் போட்டு ஓட்டுங்கள். ஒரு கண் மீட்டரில், ஒரு கண் பிளேட்டில். சாம்பல் நிறப் பிளேட்டில் மங்கிய சிவப்பு தெரிந்தால் உடனே அணையுங்கள். எல்லாம் அமைதியாக இருந்தால் எஃபிஷியன்ஸி காயிலை மெல்லத் திருப்பி, மீட்டரில் கரண்ட் மிகக் குறையும் இடத்தில் நிறுத்துங்கள்.

இப்போது உயர் மின்னழுத்தம். அதற்கென்று உள்ள புரோபால் மட்டும் அளக்க வேண்டும், சாதாரண மல்டிமீட்டரைக் கொண்டுபோகாதீர்கள். ப்ரைட்னஸைக் குறைத்துத் திரையைக் கறுப்பாக்கிவிட்டு, மேனுவல் சொல்லும் அளவுக்கு வையுங்கள். பிறகு ப்ரைட்னஸை ஏற்றிப் பாருங்கள், மின்னழுத்தம் அதிகம் இறங்கக் கூடாது. படம் இருட்டாக இருக்கும்போது மிச்சக் கரண்டை 6பிகே4 குடித்துக்கொள்ளும், படம் வெளிச்சமானால் விட்டுக்கொடுக்கும். அது சரியாக வேலை செய்யாவிட்டால் வெளிச்சம் மாறும்போதெல்லாம் படம் பெரிதாகிச் சிறிதாகும்.

முதலில் கறுப்பு வெள்ளை

நல்ல கறுப்பு வெள்ளைப் படம் வராத பெட்டியில் கலரைத் தேடுவது வீண். கலர் பொத்தானை முழுக்கக் குறைத்துவிடுங்கள். அமெரிக்காவின் முழுச் சக்தி நிலையங்கள் 2009 ஜூன் 12 அன்று அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டன, ஆகவே சிக்னலுக்கு, வீடியோவை டிவி சேனலாக மாற்றும் ஆர்எஃப் மாடுலேட்டர் வேண்டும், 3 அல்லது 4ஆம் சேனலில். படத்தின் அடிப்பகுதி சுருங்கியிருந்தால் வெர்ட்டிக்கல் அவுட்புட்டின் கேத்தோடு எலக்ட்ரோலிட்டிக்கைச் சந்தேகியுங்கள்.

பெட்டி அரை மணி நேரம் சூடான பிறகு, ட்யூபில் ஏறிய காந்தத்தன்மையை நீக்கும் டீகாஸிங் காயிலைத் திரையின் முன் வட்டமாகச் சுழற்றி, மெல்ல பின்வாங்கி, தூரத்தில் வந்த பிறகு அணையுங்கள். அடுத்து தோராயமாக நடுவில் மூன்று நிறங்களையும் ஒன்றுசேர்த்துவிட்டு ப்யூரிட்டி, அதாவது ஒவ்வொரு கற்றையும் தன் நிறத்தில் மட்டும் விழுகிறதா என்று பாருங்கள். பச்சை, நீல கன்களின் ஸ்க்ரீன் கட்டுப்பாடுகளைக் குறைத்துச் சிவப்பை மட்டும் விடுங்கள். கழுத்தைச் சுற்றியுள்ள விலக்கும் காயிலான யோக்கைப் பின்னுக்கு இழுத்தால் திரை நடுவில் ஒரு சிவப்புத் திட்டு தெரியும். ப்யூரிட்டி வளையங்களைத் திருப்பி அதை நடுவுக்குக் கொண்டுவந்து, யோக்கை முன்னே தள்ளத் தள்ள திட்டு விரிந்து திரை முழுக்கப் பரவும். ஓரத்தில் ஆரஞ்சோ ஊதாவோ ஒட்டியிருந்தால் இன்னும் முடியவில்லை.

பிறகு கன்வெர்ஜென்ஸ், அதாவது மூன்று நிறங்களையும் திரை முழுக்க ஒன்றுசேர்ப்பது. கட்டம் போட்ட படம் தரும் ஜெனரேட்டர் அவசியம். நடுவில் சிவப்பும் பச்சையும் சாய்வாக நகரும், நீலம் மேலும் கீழும் நகரும். நீலத்தைப் பக்கவாட்டில் நகர்த்தக் கழுத்தில் தனிக் காந்தம் இருக்கும். நடு சரியானதும் ஓரங்களுக்கான 12 கட்டுப்பாடுகள். சிவப்பையும் பச்சையையும் சேர்த்து மஞ்சள் கோடாக்குங்கள், அப்புறம் நீலத்தை அதன் மேல் கொண்டுவந்து வையுங்கள். ஒன்றைத் திருப்பினால் இன்னொன்று கொஞ்சம் நகரும். நான் இரண்டு மூன்று சுற்று போவேன், நடுவில் தேநீர் குடித்துவிட்டு வருவேன், கண் ஓய்ந்தால் வேலையும் கெடும். மூன்று நிறக் கோடுகள் மெல்ல நெருங்கி ஒரே வெள்ளைக் கோடாகும் அந்தக் கணம், இத்தனை வேலைக்கும் போதும் என்று தோன்றும். மூலைகளில் இம்மி விலகல் இருக்கத்தான் செய்யும், புதிதாக வந்தபோதும் இருந்தது.

கடைசியாகச் சாம்பல் நிறம். சர்வீஸ் சுவிட்சைப் போட்டால் படம் ஒரு படுக்கைக் கோடாகச் சுருங்கும். மூன்று ஸ்க்ரீன்களையும் ஒவ்வொன்றாக, அந்தக் கோடு லேசாகத் தெரியும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். திரும்பப் படத்துக்கு வந்து, வெளிச்சமான இடங்களை ட்ரைவ் கட்டுப்பாடுகளால் வெள்ளையாக்குங்கள்.

இனி கலர்

கலர் பொத்தானை ஏற்றியும் எதுவும் வரவில்லை என்றால் முதலில் ஃபைன் ட்யூனிங், அப்புறம் கலர் கில்லர் (கலர் சிக்னல் இல்லாதபோது கலர் பகுதியை அணைக்கும் சர்க்யூட்). கில்லரைத் திருப்பியதும் கலர் வந்தால் ஆசிலேட்டர் நன்றாக இருக்கிறது, கில்லர் சர்க்யூட்டில்தான் கோளாறு. வானவில் பட்டைகளாகக் கலர் ஓடிக்கொண்டே இருந்தால் 3.579545 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் ஓடுகிறது, ஆனால் ஒளிபரப்போடு வரும் கலர் குறிப்பான பர்ஸ்ட் சிக்னலைப் பிடிக்கவில்லை. பர்ஸ்ட் ஆம்ப்ளிஃபையரையும் அதன் ட்ரான்ஸ்ஃபார்மரையும் பாருங்கள். கலர் பொத்தான் பூச்சியத்தில் இருக்கும்போதே படம் ஒரு நிறத்தில் சாய்ந்தால், கலர் வேறுபாட்டு ஆம்ப்ளிஃபையர் வால்வு மூன்றின் பிளேட் மின்னழுத்தங்களை ஒப்பிடுங்கள். விலகியிருப்பதில் ரெசிஸ்டர் ஏறியிருக்கும், அல்லது வால்வு கசியும்.

10 பட்டை ரெயின்போ ஜெனரேட்டர் இருந்தால் டின்ட் (நிறச் சாயல்) சரிபார்ப்பது எளிது. நடுநிலையில் மூன்றாவது பட்டை சிவப்பாகவும் ஆறாவது நீலமாகவும் இருக்க வேண்டும். டின்ட் பொத்தானை ஓரத்துக்குத் தள்ளினால்தான் அங்கே வருகிறது என்றால் ஃபேஸ் ட்ரான்ஸ்ஃபார்மரைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், மேனுவலைப் பார்த்து.

எல்லாம் சரியானதும் கூண்டு மூடி, பின்மூடி, அதைக் கழற்றினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு இன்டர்லாக் மூன்றையும் பழையபடி பொருத்துங்கள். முதல் வாரம் தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டி, அணைத்து, மறுபடி அளவெடுங்கள். புதிதாகத் தேறிய ட்யூபின் மூன்று கன்களும் இந்த நேரத்தில்தான் ஒரு நிலைக்கு வரும், சாம்பல் நிறத்தை ஒருமுறை திரும்பச் சரிசெய்ய நேரும். அப்போது எடுத்த பி-பிளஸ், கேத்தோடு கரண்ட், உயர் மின்னழுத்தம் ஆகிய எண்களையும் மாற்றிய பாகங்களின் பட்டியலையும் ஒரு தாளில் எழுதி, பின்மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து இந்தப் பெட்டியைத் திறப்பவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் தாள்தான்.